டிப்ளமோ, 5 வருட அனுபவம்: பிளாக் பெல்ட்டா, லீட் ஆடிட்டரா, சிகியூஇ தேர்வா?

வேலன்_ஒரகடம் | ஞாயிறு, இரவு 10:12

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசித்துவிட்டு மட்டும் போகிறவன், இதுதான் முதல் பதிவு. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஒரகடம் பக்கம் அலுமினிய உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் 5 வருடமாகத் தரப் பிரிவில் இருக்கிறேன். முதலில் லைன் இன்ஸ்பெக்ஷன். அப்புறம் கஸ்டமர் புகார், 8டி (புகாரின் காரணத்தையும் தீர்வையும் சொல்லும் அறிக்கை) எழுதுவது, பிபிஏபி (பாகத்துக்குக் கஸ்டமர் ஒப்புதல் வாங்கும் ஆவணம்) ஃபைல் கட்டுவது என்று எல்லாம் என் தலையில்தான்.

போன மாத அப்ரைசலில் மேனேஜர் சொன்னார்: "உன் வேலையில் குறை இல்லை. ஆனால் கையில் ஒரு சர்டிஃபிகேட்கூட இல்லையே. பி.இ. பையன்கள் பிளாக் பெல்ட்டோடு வந்து நிற்கிறார்கள்." (சிக்ஸ் சிக்மா என்ற, புள்ளிவிவரம் வைத்துக் குறைகளைக் குறைக்கும் முறையில் தேர்ச்சிப் பட்டம்தான் பிளாக் பெல்ட்.) அன்று முதல் சரியான தூக்கம் இல்லை.

வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. சனி ஞாயிறு இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பு, 5,900 ரூபாய், "ஐஎஸ்ஓ அங்கீகாரம் பெற்ற சிக்ஸ் சிக்மா பிளாக் பெல்ட்". இன்னும் ஆயிரம் கட்டினால் லீட் ஆடிட்டர் (தணிக்கைக் குழுத் தலைவர்) சான்றிதழும் உண்டாம். இன்னொரு நண்பர் அமெரிக்கத் தேர்வான சிகியூஇ (தரப் பொறியாளர் சான்றிதழ்) எழுது என்கிறார். சம்பளம் 31,000. ஒரு வருடம் இழுத்துப் பிடித்தால் நாற்பதாயிரம் சேர்க்கலாம், ஒன்றுக்குத்தான் பணம் இருக்கும். எதற்குப் போடட்டும்?

பழைய மைக்ரோமீட்டர் | ஞாயிறு, இரவு 10:40

தம்பி, அந்த 5,900 ரூபாய்க்கு நல்ல டயல் இண்டிகேட்டர் ஒன்று வாங்கிக்கொள். ரொம்ப நாள் உழைக்கும்.

வெற்றிப்படி_பயிற்சி | ஞாயிறு, இரவு 11:05

[விளம்பரம், தொலைபேசி எண்ணுடன். நீக்கப்பட்டது. – நெறியாளர்]

ஆடிட் நாடோடி | திங்கள், காலை 6:20

மேலே நீக்கப்பட்ட பதிவை நான் பார்த்துவிட்டேன். அதே விளம்பரம்தான் என்று நினைக்கிறேன், வேலன்.

"ஐஎஸ்ஓ அங்கீகாரம் பெற்ற பிளாக் பெல்ட்" என்று ஒன்று கிடையாது. ஐஎஸ்ஓ தரநிலைகளை எழுதி வெளியிடும் அமைப்பு. அது எந்தக் கம்பெனிக்கும் எந்த ஆளுக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. உங்கள் ஆலைச் சுவரில் தொங்கும் ஐஎஸ்ஓ 9001 சான்றிதழைக் கொடுத்தது ஒரு சான்றளிப்பு நிறுவனம். அந்த நிறுவனம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அதற்கு மேலே ஒரு அங்கீகார அமைப்பு இருக்கும். இந்தியாவில் அது என்ஏபிசிபி, இந்தியத் தரக் குழுமத்தின் ஒரு பிரிவு. ஆட்களுக்குச் சான்றளிக்கும் அமைப்புகளுக்குத் தனித் தரநிலை உண்டு, ஐஎஸ்ஓ 17024.

இந்த மாதிரி இடங்களில் நடப்பது என்னவென்றால், பயிற்சி மையம் தனக்கு ஒரு ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் வாங்கி வைத்திருக்கும். அதைக் காட்டி "ஐஎஸ்ஓ அங்கீகாரம்" என்று போட்டுக்கொள்ளும். அந்த மையம் வருகைப் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருக்கிறது என்று வேண்டுமானால் அதற்குப் பொருள் கொள்ளலாம். உனக்கு ரிக்ரெஷன் மாதிரிப் புள்ளியியல் தெரியும் என்று பொருள் இல்லை.

புள்ளியியல் பித்தன் | திங்கள், காலை 9:15

பிளாக் பெல்ட் பற்றி நான் சொல்கிறேன், பன்னிரண்டு வருடமாக அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் பிழைக்கிறேன்.

சிக்ஸ் சிக்மாவுக்கு உரிமையாளர் என்று யாரும் இல்லை. 1986இல் மோட்டோரோலாவில் பில் ஸ்மித் என்ற பொறியாளர் தொடங்கி வைத்தது. 1995இல் தலைவர் ஜாக் வெல்ச் அதை ஜெனரல் எலக்ட்ரிக் (ஜிஇ) கம்பெனிக்குள் கொண்டுபோன பிறகு உலகம் முழுக்கப் பரவியது. யார் வேண்டுமானாலும் பெல்ட் கொடுக்கலாம் என்பதால்தான் இந்தக் கூத்து. பெரிய கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்குத் தாங்களே கொடுக்கின்றன. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பயிற்சி நடத்துகிறது. அமெரிக்கத் தரச் சங்கமான ஏஎஸ்கியூ தேர்வு வைக்கிறது. தெருமுனை டுடோரியலும் கொடுக்கிறது. அதனால் பெல்ட்டின் நிறத்தை விட்டுவிட்டு, கொடுத்தது யார், என்ன செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

பழைய முறையில் பிளாக் பெல்ட் பயிற்சி நான்கு மாதம் ஓடும். மாதத்துக்கு ஒரு வாரம் வகுப்பு, மீதி மூன்று வாரம் சொந்த ஆலையில் புராஜெக்ட். ஏஎஸ்கியூவில் பிளாக் பெல்ட் தேர்வு எழுதவே, முடித்த புராஜெக்ட் இரண்டுக்குக் கையெழுத்திட்ட உறுதிமொழி வேண்டும். இல்லையென்றால் ஒரு புராஜெக்ட்டும் மூன்று வருடத் தொடர்புடைய அனுபவமும். சனி ஞாயிறில் எந்த ஆலையில் எந்தக் குறையைத் தீர்ப்பார்கள்?

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். இரண்டு நாள் பெல்ட்காரரிடம் "பத்து லட்சத்துக்கு 3.4 குறை என்கிறீர்களே, அந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். சராசரி காலப்போக்கில் 1.5 சிக்மா (சிக்மா என்பது அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதன் கணக்கு) நகரும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. நகரவே இல்லை என்றால் நூறு கோடிக்கு 2 தான் வரும். பத்தில் எட்டுப் பேர் முழிப்பார்கள்.

துபாய் சேகர் | திங்கள், பகல் 1:50

எல்லாரும் சான்றிதழைக் கிண்டல் செய்வது எளிது. நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். இங்கே ஒரு வேலைக்கு நானூறு விண்ணப்பம் வருகிறது. முதல் வடிகட்டலை எச்.ஆர். பெண் செய்கிறார். அவருக்குக் கேஜ் (அளக்கும் கருவி) என்றால் என்னவென்று தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. விளம்பரத்தில் "லீட் ஆடிட்டர்" என்று இருந்தால், அந்தச் சொல் இல்லாத விண்ணப்பம் என் மேசைக்கே வராது. உள்ளே எவ்வளவு கெட்டிக்காரன் இருந்தாலும் வராது.

இன்னொன்று. வளைகுடாவில் "கியூஏ கியூசி எஞ்சினியர்" என்று போட்டிருந்தால் நம்மூர் வாகன உதிரிபாக வேலை என்று நினைத்து ஏமாற வேண்டாம். பெரும்பாலும் எண்ணெய், எரிவாயு, கட்டுமான வேலை. அவர்கள் கேட்பது வெல்டிங் ஆய்வுச் சான்றிதழ், சிஎஸ்விப் 3.1 போல. அல்லது என்டிடி (பாகத்தை உடைக்காமல் சோதிப்பது) லெவல் 2. அங்கே பிளாக் பெல்ட்டைக் காட்டினால் இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். எங்கே போகப் போகிறாய் என்று முதலில் சொல், தம்பி.

பழைய மைக்ரோமீட்டர் | திங்கள், இரவு 8:30

சேகர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் எனக்கு ஒப்பவில்லை.

நான் அம்பத்தூரில் ஒரு சப்ளையர் ஆலையில் இருந்தவன். 1998இல் பாடியில் சுந்தரம் கிளேட்டன், தர நிர்வாகத்துக்கு ஜப்பானில் தரும் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியக் கம்பெனி ஒன்று அதை வாங்கியது அதுவே முதல் முறை. 2002இல் டிவிஎஸ் மோட்டார். அந்த நாலைந்து வருடம் சுற்றுவட்டாரத்தில் இருந்த சின்ன ஆலைகளுக்கெல்லாம் காய்ச்சல் மாதிரி வந்தது. லேத்தில் நிற்கிற ஆள் தன் மெஷினுக்குத் தானே கன்ட்ரோல் சார்ட் (அளவுகளைப் புள்ளி வைத்து எல்லைக் கோட்டோடு பார்க்கும் படம்) போடுவான். எட்டாவது படித்தவர் குவாலிட்டி சர்க்கிளில் காரணம் தேடும் மீன்முள் படம் வரைந்து, மேடை ஏறி விளக்குவார். எவர் கையிலும் பெல்ட் இல்லை. புள்ளி கோட்டைத் தாண்டினால் மெஷினை நிறுத்து, யாரையும் கேட்காதே, அவ்வளவுதான் பயிற்சி.

இன்றைக்கு எல்லாருக்கும் பெல்ட் இருக்கிறது. சார்ட்டை மாதக் கடைசியில் ஆடிட்டுக்காக மொத்தமாக உட்கார்ந்து நிரப்புகிறார்கள்.

துபாய் சேகர் | திங்கள், இரவு 9:10

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் காலத்தில் அடுத்த வேலைக்குப் போக உங்கள் ஃபோர்மேன் ஒரு போன் போட்டால் போதும். "நல்ல பையன்" என்று அவர் சொல்வதுதான் சான்றிதழ். அந்த போன் எல்லாருக்கும் அடித்ததில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் முதல் ஆளாக ஆலைக்குள் போனவன் நான். எனக்காகப் பேச ஒருவரும் இல்லை. தெரிந்தவர் இல்லாதவனுக்கு அந்தத் தாள்தான் சிபாரிசு.

பழைய மைக்ரோமீட்டர் | திங்கள், இரவு 9:34

இதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மைதான்.

மீனா_கோவை | செவ்வாய், காலை 7:05

இரவில் வாசித்துவிட்டு இப்போது எழுதுகிறேன். நான் ஃபவுண்டரி ஒன்றில் தர மேலாளர். வேலைக்கு ஆள் எடுப்பவள், சிகியூஇ தேர்வை இரண்டாவது முறையில் பாஸ் செய்தவள். அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

சேகர் அண்ணா சொல்கிற வடிகட்டல் உண்மை. ஆனால் அதைத் தாண்டி என் மேசைக்கு வந்த பிறகு நான் கேட்பது ஒன்றுதான்: "நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஏதாவது ஒரு கேஜைச் சொல்லுங்கள். அதன் ஆர் அண்ட் ஆர் (கருவியாலும் அளக்கும் ஆளாலும் வரும் வேறுபாடு, குறைவாக இருந்தால் நல்லது) எத்தனை சதவீதம்? கடைசியாக எப்போது பார்த்தீர்கள், யார் யாரை வைத்துப் பார்த்தீர்கள்?" போன வருடம் வந்த ஆறு பிளாக் பெல்ட்களில் நான்கு பேர் "கேலிபரேஷன் ஸ்டிக்கர் இருக்கிறது மேடம்" என்றார்கள். கேலிபரேஷனும் (கருவியைத் தெரிந்த அளவோடு ஒப்பிடுவது) எம்எஸ்ஏவும் (அளக்கும் முறையையே சோதிப்பது, ஆர் அண்ட் ஆர் அதில் சேரும்) வேறு வேறு என்றே தெரியவில்லை. ஒரு டிப்ளமோ பையன் மட்டும் "38 வந்தது மேடம், மேனேஜர் 9 என்று மாற்றச் சொன்னார், நான் மாட்டேன் என்றேன்" என்றான். அவனைத்தான் எடுத்தேன்.

வேலன், உங்கள் மேனேஜர் பிளாக் பெல்ட் என்று பொதுவாகச் சொன்னாரா, அல்லது குறிப்பிட்ட ஒன்றையா?

வேலன்_ஒரகடம் | செவ்வாய், இரவு 9:50

பொதுவாகத்தான் சொன்னார் மேடம். அவருக்கே வித்தியாசம் தெரியுமா என்று தெரியவில்லை (அவர் இங்கே இல்லை என்று நம்புகிறேன்).

சேகர் அண்ணா, வெளிநாடு இப்போதைக்கு இல்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. இங்கேயே, வாகன உதிரிபாகத் துறையிலேயே மேலே போக வேண்டும். வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான கேள்வியைப் படித்து முடிக்கவே எனக்கு நேரம் போய்விடும் என்று பயம். சிகியூஇ பற்றி மீனா மேடம் கொஞ்சம் சொல்ல முடியுமா?

மீனா_கோவை | புதன், காலை 6:40

முதலில் கெட்ட செய்தி. இப்போது நீங்கள் சிகியூஇ எழுத முடியாது.

அதை நடத்தும் ஏஎஸ்கியூ கேட்பது 8 வருட அனுபவம், அதில் 3 வருடம் முடிவெடுக்கும் பொறுப்பில். முடிவெடுப்பது என்றால் மேனேஜராக இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரு வேலையைத் திட்டமிட்டு நடத்தும் அதிகாரம் இருந்தால் போதும். படிப்புக்கு ஏற்பக் கழிவு தருவார்கள். இளநிலைப் பட்டத்துக்கு 4 வருடம் கழியும். தொழிற்கல்வி டிப்ளமோ என்றால் 1 வருடம்தான். பி.இ. முடித்தவருக்கு 4 வருட அனுபவம் போதும், உங்களுக்கு 7 வேண்டும். இதில் எனக்குக் கோபம் உண்டு, மூன்று வருடம் ஒர்க் ஷாப்பில் கை கறுத்த படிப்புக்கு இவ்வளவுதான் மதிப்பா என்று. ஆனால் விதி அவர்களுடையது.

தேர்வு 1968இலிருந்து நடக்கிறது, அதனால் உலகம் முழுக்க மரியாதை உண்டு. 175 கேள்வி, ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். 160க்குத்தான் மதிப்பெண். மீதி 15 அவர்கள் சோதித்துப் பார்க்கும் கேள்விகள், எது எது என்று தெரியாது. 750க்கு 550 எடுக்க வேண்டும். பாஸானால் எவ்வளவு எடுத்தீர்கள் என்று சொல்ல மாட்டார்கள், ஃபெயிலானால்தான் விவரம் வரும். முதல் முறை எனக்கு வந்த அந்த விவரத்தாளை இன்னும் வைத்திருக்கிறேன். புள்ளியியல் பகுதியில் அடி வாங்கியிருந்தேன். 36 கேள்வி அதிலிருந்துதான் வரும், மற்ற எந்தப் பகுதியையும் விட அதிகம்.

பாஸானதோடு முடியாது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், 18 புள்ளி சேர்த்தாக வேண்டும். வேலையில் இருப்பது, வகுப்புக்குப் போவது, சொல்லிக்கொடுப்பது எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. இல்லையென்றால் மறுபடி தேர்வு.

இப்போது நல்ல செய்தி. அதே ஏஎஸ்கியூவின் கிரீன் பெல்ட்டுக்கு (பிளாக் பெல்ட்டுக்குக் கீழ்ப் படி) 3 வருடத் தொடர்புடைய அனுபவம் போதும். படிப்புக் கழிவு என்ற பேச்சே இல்லை, பி.இ.யும் நீங்களும் ஒன்றுதான். 110 கேள்வி, 100க்கு மதிப்பெண். நான்கு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும், ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடத்துக்கும் அதிகம்.

ஆங்கில பயத்துக்கு ஒரு மருந்து இருக்கிறது: புத்தகத்தைப் பார்த்து எழுதலாம். பைண்ட் செய்த புத்தகமாக இருக்க வேண்டும், உதிரித்தாள் கூடாது, கேள்வி பதில் தொகுப்பு கூடாது. அதற்காகப் படிக்காமல் போனால் தொலைந்தீர்கள். தேடுவதற்கு நேரம் இருக்காது. நான் புத்தகத்தின் ஓரத்தில் வண்ணச் சீட்டு ஒட்டி வைத்தேன். இசட் அட்டவணைக்கு மஞ்சள், டி அட்டவணைக்குப் பச்சை, கன்ட்ரோல் சார்ட் மாறிலிகளுக்குச் சிவப்பு. ஐந்து ஐந்தாக மாதிரி எடுத்தால் ஏ2 என்ற மாறிலி 0.577 என்பது இன்றைக்கும் தூக்கத்தில் வரும். கேள்விகளில் வரும் ஆங்கிலச் சொற்கள் முந்நூறைத் தாண்டாது, திரும்பத் திரும்ப அவைதான். ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழில் பொருள் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நோட்டைத் தேர்வுக்கு முந்தின நாள் வீட்டில் வைத்துவிடுங்கள்.

ஆடிட் நாடோடி | புதன், காலை 10:25

மீனா மேடம் சொல்லாமல் விட்ட ஒன்று, நம்மூர்க்காரர்களுக்கே உரிய தலைவலி: இனிஷியல். தேர்வு மையத்தில் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் பதிவு செய்த பெயரும் ஒத்துப்போக வேண்டும். நமக்கு மார்க் ஷீட்டில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், ஆதாரில் எழுத்து பின்னால். என் நண்பர் ஒருவரை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள், கட்டிய பணம் போச்சு. எந்த அட்டையை எடுத்துப் போகப் போகிறாயோ அதை மேசையில் வைத்துக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்பு.

லீட் ஆடிட்டர் பற்றி. ஒழுங்கான வகுப்பு 40 மணி நேரம், ஐந்து நாள், கடைசியில் எழுத்துத் தேர்வு. லண்டனில் இருக்கும் ஐஆர்சிஏ அங்கீகரித்த வகுப்பா என்று பார்க்க வேண்டும். 1984இலிருந்து ஆடிட்டர் பதிவேடு வைத்திருக்கும் அமைப்பு. அந்த வகுப்பை முடித்தால் கிடைப்பது பயிற்சிச் சான்றிதழ். அதை வைத்துக்கொண்டு "நான் லீட் ஆடிட்டர்" என்று கார்டு அடிப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். டிரைவிங் ஸ்கூல் ரசீதைக் காட்டி லைசென்ஸ் என்று சொல்வது போல. பதிவேட்டில் ஆடிட்டராக ஏற, எத்தனை ஆடிட், எத்தனை நாள், யார் மேற்பார்வையில் என்று கணக்குக் காட்ட வேண்டும். நான் ஏற மூன்று வருடம் ஆனது. அதில் பாதி ரயிலில்.

தரநிலை மாறும்போதும் செலவு வரும். 9001 வந்தது 1987இல். அப்புறம் 1994, 2000, 2008, 2015. ஒவ்வொரு முறையும் நாங்கள் திரும்பப் படித்தோம்.

வேலனுக்கு இப்போது அது தேவையா? உள் தணிக்கைக்கு வெளிச் சான்றிதழ் எதையும் 9001 கேட்கவில்லை. படிப்பு, பயிற்சி, அனுபவம் என்ற அடிப்படையில் தகுதி இருக்க வேண்டும், அதற்குப் பதிவு இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் ஆலை ஐஏடிஎஃப் 16949 (வாகனத் துறைக்கான தரநிலை) ஆலையாகத்தான் இருக்கும். அதில் 7.2.3 பிரிவைப் படித்துப் பார். உள் தணிக்கையாளர் பட்டியல் வைத்திருக்க வேண்டும், அவர்களுக்குக் கோர் டூல்ஸ் (வாகனத் துறையின் ஐந்து அடிப்படைத் தர முறைகள்) தெரிந்திருக்க வேண்டும் என்று இருக்கும். எஃப்எம்இஏ, எம்எஸ்ஏ, எஸ்பிசி, ஏபிகியூபி, பிபிஏபி. இதில் பாதியை நீ ஏற்கெனவே செய்கிறாய். உன் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேள். இல்லையென்றால் சேர்க்கச் சொல். கம்பெனி செலவிலேயே பயிற்சி கிடைக்கும். ஜெர்மன் கஸ்டமர் இருந்தால் விடிஏ 6.3 (ஜெர்மன் வாகனத் துறையின் செயல்முறைத் தணிக்கை) வகுப்புக்கு அனுப்பச் சொல், அது உண்மையிலேயே கண்ணைத் திறக்கும். காகிதத்தை விட்டுவிட்டு லைனில் நடந்து, ஒவ்வொரு கேள்விக்கும் 0, 4, 6, 8, 10 என்று புள்ளி போட வேண்டும்.

புள்ளியியல் பித்தன் | புதன், இரவு 8:15

பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாதம் பொறு, வேலன். மீனா கேட்ட கேள்விக்கு உன்னிடம் பதில் இருக்கிறதா? தினமும் அதிகச் சண்டை வரும் அளவு எதுவோ அந்தக் கேஜை எடு. 10 பாகம், 3 ஆள், ஆளுக்கு 3 முறை, மொத்தம் 90 அளவு. பாகங்களை ஒரே தட்டிலிருந்து அள்ளாதே, ஒரு வாரம் வெவ்வேறு ஷிஃப்டிலிருந்து சேர்த்து எடு. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் கேஜின் ஆட்டம் மட்டும்தான் தெரியும். பாகத்துக்குப் பின்னால் எண்ணை எழுது, அளப்பவர் பார்க்கக் கூடாது. மினிடேப் மென்பொருள் இல்லையென்றால் எக்செல் போதும். வந்த எண்ணை இங்கே போடு.

மீனா_கோவை | புதன், இரவு 8:22

வந்த எண்ணை. மாற்றிய எண்ணை அல்ல. 🙂

வேலன்_ஒரகடம் | 24 நாள் கழித்து

மன்னிக்கவும், கஸ்டமர் ஆடிட் வந்துவிட்டது. இப்போதுதான் முடித்தேன்.

50 மி.மீ. துளை, எச்7, அதாவது மொத்தமே 25 மைக்ரான் இடம். டயல் போர் கேஜ் (துளையின் விட்டம் அளப்பது). நைட் ஷிஃப்டில் பெரிய துளை என்று ரிஜெக்ட் அதிகம், பகலில் குறைவு, தினமும் சண்டை. 90 அளவு எடுத்தேன். மொத்த வேறுபாட்டில் ஆர் அண்ட் ஆர் 42 சதவீதம். பாகங்களைக் கேஜால் பிரித்துக் காட்ட முடிந்த வகைகள் 3. இரண்டு முறை கணக்குப் போட்டுவிட்டேன். 30க்கு மேல் போனால் ஏற்கக் கூடாது என்று புத்தகத்தில் இருக்கிறது. மேனேஜரிடம் இன்னும் சொல்லவில்லை.

புள்ளியியல் பித்தன் | அதே நாள்

எண்கள் பொருந்துகின்றன. 42 என்றால் வகைகள் 3 தான் வரும், குறைந்தது 5 வேண்டும். திரும்ப அளப்பதில் ஆட்டம் அதிகமா, ஆளுக்கு ஆள் அதிகமா?

வேலன்_ஒரகடம் | அதே நாள்

ஆளுக்கு ஆள்தான் சார். ஒருவர் மட்டும் எப்போதும் மேலே.

பழைய மைக்ரோமீட்டர் | அதே நாள்

அந்த ஆள் கேஜை ஆட்டுகிறாரா பார்த்தாயா? போர் கேஜைத் துளைக்குள் விட்டு மெல்ல முன்னும் பின்னும் சாய்க்க வேண்டும். முள் ஒரு இடம் வரை இறங்கித் திரும்பும். திரும்புகிற அந்த இடம்தான் அளவு. சும்மா நுழைத்துப் படித்தால் கேஜ் சாய்ந்து நிற்கும், துளை பெரிதாகத்தான் காட்டும். அப்புறம், செட்டிங் ரிங்கில் (அளவு தெரிந்த வளையம்) எப்போது ஜீரோ வைக்கிறார்கள்? ஷிஃப்டுக்கு ஒரு முறையா, வாரத்துக்கு ஒரு முறையா? போய் பக்கத்தில் நின்று பார். எதுவும் பேசாதே, பார்.

வேலன்_ஒரகடம் | 9 நாள் கழித்து

ஐயா, அப்படியே. அவர் சாய்க்கவே இல்லை. யாரும் சொல்லித்தரவில்லை என்கிறார், அவர் மேல் தப்பே இல்லை. ஜீரோ வைப்பது இரண்டு நாளுக்கு ஒரு முறை. மூன்று பேருக்கும் சேர்த்துக் காட்டிக்கொடுத்து மறுபடி 90 அளவு எடுத்தேன். 14 சதவீதம், வகைகள் 9. மேனேஜரிடம் இரண்டு தாளையும் சேர்த்துக் காட்டினேன். ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் "பழைய ரிப்போர்ட்டில் 8 என்று இருக்கிறதே, அது யார் போட்டது?" என்றார். நான் சேருவதற்கு முன்னால் போட்டது. கையெழுத்து அவருடையதுதான்.

மீனா_கோவை | அதே நாள்

அய்யய்யோ.

வேலன்_ஒரகடம் | 8 மாதம் கழித்து

இந்த இழையைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. நடந்ததைச் சொல்லாமல் விட்டால் மரியாதை இல்லை.

கேஜ் சரியான பிறகும் நைட் ஷிஃப்ட் ரிஜெக்ட் பாதிதான் குறைந்தது. மேனேஜர் அதையே கிரீன் பெல்ட் புராஜெக்ட்டாக எடு என்றார் (அந்தக் கையெழுத்து விஷயத்தை நான் யாரிடமும் பேசவில்லை, அவரும் பேசவில்லை). மூன்று வாரம் நைட் ஷிஃப்டில் போய் நின்றேன். பகலில் வாஷிங் மெஷினிலிருந்து வரும் பாகம் ரேக்கில் ஒரு மணி நேரம் காத்திருக்கும், அப்புறம்தான் இன்ஸ்பெக்ஷன். இரவில் ஆள் குறைவு என்பதால் ரேக்கைத் தாண்டி நேராக மேசைக்கு வந்துவிடுகிறது. கையில் எடுத்தால் சூடு தெரிகிறது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், செட்டிங் ரிங்கைவிட 10, 12 டிகிரி அதிகம். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும். 50 மி.மீ. துளைக்கு 10 டிகிரி என்றால் 11 மைக்ரானுக்கு மேல். எங்களுக்கு இருப்பதே 25. பாதி இடத்தைச் சூடே தின்றுவிட்டது. ரிஜெக்ட் பெட்டியில் இருந்த பாகங்களை மறுநாள் காலை ஆறிய பிறகு அளந்தேன், முக்கால்வாசி நல்ல பாகம். இத்தனை நாள் உருக்கப் போட்டது அதையெல்லாம்தான்.

தீர்வு ஒரு ரேக்கும் ஒரு போர்டும். ஆற வைக்காமல் அளக்கக் கூடாது என்று கன்ட்ரோல் பிளானிலும் ஏற்றிவிட்டோம்.

தேர்வுக் கட்டணம் டாலரில், என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. பாதியைக் கம்பெனி கொடுத்தது, பாஸானால் தருகிறோம் என்ற நிபந்தனையோடு. நான்கு மாதம் படித்தேன். சொல் நோட்டில் 280 சொல் சேர்ந்தது. பெயர் விஷயத்தில் நாடோடி சார் சொன்னபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தே நிரப்பினேன். போன சனிக்கிழமை எழுதினேன். திரையில் பாஸ் என்று வந்தது. வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்து பத்து நிமிடம் போனையே எடுக்கவில்லை.

பதவி உயர்வு இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் என்கிறார்கள். உள் தணிக்கையாளர் பட்டியலில் பெயர் ஏறிவிட்டது.

பழைய மைக்ரோமீட்டர் | அதே நாள்

அந்தச் சூடான பாகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாயே, அதற்கு எந்த பெல்ட்காரன் வந்தான்? சரி சரி. சந்தோஷம், தம்பி.

துபாய் சேகர் | அதே நாள்

ரெஸ்யூமில் ரேக் கதையை நான்கு வரியில் எழுது. பெல்ட்டின் பெயரை மட்டும் முதல் வரியில் போடு, எச்.ஆர். பெண்ணுக்காக.

மீனா_கோவை | அதே நாள்

வாழ்த்துகள் வேலன். இன்னும் ஒரு வருடம் சொச்சம் போனால் சிகியூஇ கணக்குக்கு 7 வருடம் ஆகிவிடும். இந்தப் புராஜெக்ட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று இன்றைக்கே கடிதம் வாங்கி வையுங்கள். முடிவெடுக்கும் பொறுப்பு 3 வருடம் இருந்தது என்று பின்னால் காட்ட வேண்டியிருக்கும், அப்போது மேனேஜர் மாறியிருப்பார்.

வேலன்_ஒரகடம் | மறுநாள்

கடிதம் கேட்டிருக்கிறேன் மேடம். அப்புறம், கிரீன் பெல்ட் புத்தகம் இனி எனக்கு வேண்டாம். வண்ணச் சீட்டுகளை எடுக்கவில்லை, அப்படியே இருக்கிறது. யாராவது எழுதப் போகிறீர்களா?

லேத்_லதா | மறுநாள்

நான் எழுதுகிறேன் அண்ணா. நானும் டிப்ளமோதான், மறைமலை நகரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் வரை வந்து வாங்கிக்கொள்ளட்டுமா? அந்தச் சொல் நோட்டையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தர முடியுமா?